நமக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, ஓய்வும் பெற்ற பெற்றோர் பலர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கக் கிளினிக்குக்கு வருகிறார்கள். சிலர் மருந்தை வாங்கிய பிறகும் எழுந்து போவதில்லை. வீட்டில் ஒரு மகன் இருக்கிறான், வயது நாற்பது ஆகிறது, பேச்சு சரியாக வராது, குளிக்க வைக்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும். "எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவனை யார் பார்ப்பார்?" என்று தாதியிடம் மெல்லக் கேட்கிறார்கள்.

இந்தப் பாடம் அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

இது என்ன குறைபாடு?

பிறவியிலோ சிறு வயதிலோ மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாட்டால் கற்பதும் பேசுவதும் தன் வேலையைத் தானே செய்துகொள்வதும் கடினமாவதை வளர்ச்சிக் குறைபாடு என்கிறோம். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதில் அடங்கும். மூளை முடக்குவாதத்தால் கைகால் இறுகிய பிள்ளைகளில் சிலருக்கும் இது சேர்ந்தே இருக்கும்.

இது பைத்தியம் அல்ல. மனநோய் பெரும்பாலும் பிற்காலத்தில் வருவது, மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது. வளர்ச்சிக் குறைபாடு தொடக்கம் முதலே கூட இருப்பது. இதை மாற்றும் மருந்து கிடையாது. ஆனால் பயிற்சியால் ஒருவர் சட்டைப் பொத்தானைத் தானே போடவும், கழிவறைக்குத் தானே போகவும், சிலர் சம்பளத்துக்கு வேலை செய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். கருவுற்ற காலத்தில் கிரகணத்தைப் பார்த்ததாலோ, யாரோ செய்த பாவத்தாலோ இது வருவதில்லை. இந்தப் பேச்சைக் கேட்டே பல தாய்மார்கள் பிள்ளையை லயன் வீட்டுக்குள் வைத்துக் காலம் தள்ளிவிட்டார்கள்.

உங்கள் பெற்றோர் காலத்தில் இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. அமெரிக்கக் கணக்குப்படி டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 1983இல் சுமார் 25 ஆண்டுதான். இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. இருதய அறுவைச் சிகிச்சையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தடுப்பூசியும் அதற்குக் காரணம். முன்பு பெற்றோர் இருக்கும்போதே பிள்ளை போய்விடும். இப்போது பிள்ளை பெற்றோரைத் தாண்டி வாழ்கிறது. நல்ல செய்திதான், ஆனால் அதற்கு ஏற்பாடு வேண்டும்.

முதலில் அட்டை

எல்லா உதவிக்கும் வாசல் ஓ.கே.யு. அட்டைதான். 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டப்படி சமூகநல இலாகா இந்தப் பதிவைச் செய்கிறது. ஏழு பிரிவுகள் உண்டு. டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் 'மசாலா பெம்பலாஜாரான்', அதாவது கற்றல் சிக்கல் என்ற பிரிவில் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் 'பெல்பகாய்' என்று போடுவார்கள்.

பதிவு கட்டாயமல்ல. அதனால்தான் ஐம்பது வயது மகளுக்கு இன்னமும் அட்டை இல்லாத வீடுகள் இருக்கின்றன. "இத்தனை வருசம் இல்லாமல் இருந்தோம், இனி எதற்கு?" என்பார்கள். உங்களுக்கு ஒன்று நேர்ந்த மறுநாள் அந்த மகளுக்காக யார் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே முதலில் கேட்பது அட்டையைத்தான். இப்போது நீங்கள் கூட இருந்து அவளுடைய கதையை மருத்துவரிடம் சொல்ல முடியும். நாளைக்கு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

விண்ணப்பப் பாரத்தை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் வாங்கலாம், இணையத்திலும் செய்யலாம். மருத்துவர் பரிசோதித்து உறுதிப்படுத்த வேண்டும். ரிங்லெட், தானா ராத்தா, கம்போங் ராஜா கிளினிக்குகளிலோ, தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனையிலோ கேளுங்கள். தேவைப்பட்டால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதற்கு மலை இறங்க வேண்டியிருக்கலாம்.

பிறப்புப் பத்திரமோ மைகார்டோ இல்லாதவருக்கு இது அடைத்த கதவு. தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து பதியாமல் விட்டவர்கள் உண்டு. முதலில் தேசியப் பதிவிலாகாவில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடக்க முடியாதவரை மைகார்டு எடுக்க ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டாம். வீட்டுக்கே வந்து விரல்ரேகையும் படமும் எடுக்க, 'மெக்கார்' என்ற நடமாடும் சேவையைப் பதிவிலாகா நடத்துகிறது. அலுவலகத்தில் கேட்டுப் பெயர் கொடுங்கள்.

அட்டை வந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. வேலை செய்ய இயலாத மாற்றுத் திறனாளிக்கு மாத உதவித்தொகையும், படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்குத் தனி உதவித்தொகையும் சமூகநல இலாகா தருகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தொகை பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்கை நம்பாமல் அலுவலகத்தில் கேளுங்கள். ஒருமுறை மறுக்கப்பட்டாலும் வீட்டில் சம்பளம் வாங்குபவர் ஓய்வு பெற்றதும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

பகல் பொழுது

தாய் பெரட்டுக்குப் போன பிறகு பிள்ளை எங்கே இருந்தது? சின்ன வயதில் ஆயா கொட்டகையில் இருந்தது. வளர்ந்த பிறகு வீட்டில், சில வேளை கதவைப் பூட்டிவிட்டு. அப்போது வேறு வழி இல்லை. இன்று வேறு வழி உண்டு.

பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரங்கானு மாநிலம் பத்து ராக்கிட்டில் 55 பேருடன் தொடங்கின. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காலையில் போய் மதியம் திரும்பலாம். பல் துலக்குவது, காசு எண்ணுவது, சமைப்பது, தோட்ட வேலை, இயன்முறைப் பயிற்சி எனச் சொல்லித்தருவார்கள். பயிற்சிக்கு வருவோருக்குச் சிறு மாதப்படியும் உண்டு. மையத்துக்கு வர முடியாதவருக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் முறையும் இருக்கிறது. வயது வந்தவர்களும் சேரலாம். உங்கள் தோட்டத்திலிருந்து போய்வரக்கூடிய மையம் எது, வண்டி வசதி உண்டா என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளைக்கு இந்தக் குறைபாடு இருந்தால் வீட்டில் வைக்காதீர்கள். 2019 முதல் எந்தச் சிறப்புத் தேவைப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வியமைச்சின் கொள்கை. சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

வயதாகும் பிள்ளையின் உடம்பு

பிள்ளை என்று சொன்னாலும் நாற்பது ஐம்பது வயது ஆள். உடம்பும் அந்த வயதுக்கு உரியதுதான், சில நேரம் அதற்கும் முந்தியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட இருபது முப்பது ஆண்டு முன்பே வரலாம். நாற்பதைத் தாண்டியவர் தெரிந்த பாதையில் வழி தவறினாலோ, தானே செய்துகொண்டிருந்த வேலையை மறந்தாலோ "எப்போதும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவு, கண்புரை, காது கேளாமை ஆகியவையும் இதே போலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வருடம் ஒருமுறை இரத்தம், கண், காது, பல் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச முடியாதவர் வலியை நடத்தையால்தான் சொல்வார். சாதுவாக இருந்தவர் திடீரென்று தலையை இடித்துக்கொள்கிறார், அடிக்கிறார், சாப்பிட மறுக்கிறார் என்றால் மந்திரிப்பதற்கும் தூக்க மருந்து கேட்பதற்கும் முன்னால் சொத்தைப் பல்லையும் காதையும் பாருங்கள். எத்தனை நாளாக மலம் கழிக்கவில்லை என்று எண்ணுங்கள். மலச்சிக்கல் சாதாரணமாகத் தெரியும், ஆனால் இவர்களுக்கு அது ஆபத்தாகலாம். சாப்பிடும்போது இருமுகிறவருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கிச் சளிக்காய்ச்சல் வரக்கூடும். குளிர் மலையில் இருமல் எல்லோருக்கும் உண்டு என்று நினைத்துவிடாமல், சாப்பாட்டின்போதுதான் இருமுகிறாரா என்று கவனியுங்கள். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது.

யாரோடு, எங்கே?

பெரும்பாலான குடும்பங்களில் பதில் ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லாமல் முடிவாகியிருக்கிறது: மூத்த மகள் பார்ப்பாள், அல்லது மருமகள் பார்ப்பாள். அவளிடம் கேட்டீர்களா? ஒரு மகளைக் கல்யாணம் செய்யவிடாமல் அண்ணனுக்குக் காவல் வைப்பது ஏற்பாடு ஆகாது. பிள்ளைகள் எல்லோரையும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களையும், தீபாவளிக்கு வரும்போது உட்கார வைத்துப் பேசுங்கள். ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் பணம் தரலாம், ஒருவர் வருடம் இரண்டு மாதம் அழைத்துப்போய் மற்றவருக்கு ஓய்வு தரலாம். யார் என்ன செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை செய்தவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ வீட்டைக் கொடுக்க வேண்டி வரலாம். ஆகவே யார் பார்ப்பார் என்பதோடு எந்த வீட்டில் என்பதும் சேர்ந்த கேள்வி. நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

குடும்பத்தில் யாராலும் முடியாத நிலையில் இல்லங்கள் இருக்கின்றன. கற்றல் குறைபாடுள்ளவருக்காகச் சமூகநல இலாகா நடத்துவது தாமான் சினார் ஹராப்பான். ஜித்ரா, சிரம்பான், கோலத் திரங்கானு, ஜொகூரின் தம்போய் ஆகிய இடங்களில் இவை உள்ளன. பார்க்க ஆளில்லாதவருக்கே முதலிடம், விண்ணப்பத்தை மாவட்ட அலுவலகம் வழியே செய்ய வேண்டும். கேமரன் மலையிலிருந்து எங்கே போவதென்றாலும் ஒரு நாள் பயணம் என்பதை நினைவில் வையுங்கள். அரசு சாரா இல்லங்களும் பல உண்டு. பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் பெத்தானி இல்லம் அவற்றில் பழையது.

நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கிப் பராமரிக்கப்படும் எந்த இடமும் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்றால் வேறு இடம் பாருங்கள்.

இடத்தை இரண்டு முறை பாருங்கள், ஒருமுறை சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில். கழிவறை நாற்றம், ஈரப் படுக்கை, பகல் முழுக்கத் தொலைக்காட்சி முன் வரிசையாக உட்கார வைத்திருப்பது, இவையெல்லாம் சொல்லாமல் சொல்லும். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? பெண்களைக் குளிப்பாட்டுவது பெண்தானா? மருந்தைக் கொடுத்ததும் எழுதி வைக்கிறார்களா? தமிழ் புரிந்தவர் ஒருவராவது உண்டா? மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு என்ன கொடுப்பார்கள்? குடும்பம் எந்த நாளிலும் வரலாமா? 'ஞாயிறு மட்டும்' என்ற பதில் எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்கக்கூடாது.

பெரிய கட்டடம் நல்ல கட்டடம் என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற அரசு இல்லம் 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1960களில் அதில் 6,000 பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள். 1972இல் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் உள்ளே போய்ப் படம் எடுத்துக் காட்டியபோது அமெரிக்காவே அதிர்ந்தது. பிறகு வழக்கு நடந்து 1987இல் அது மூடப்பட்டது. அதற்குப் பின் பல நாடுகள் ஐந்தாறு பேர் வாழும் சாதாரண வீடுகளின் பக்கம் திரும்பின. மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு மாற்றுத் திறனாளி உரிமை உடன்படிக்கையும், சமூகத்துக்குள்ளேயே வாழ்வதை உரிமை என்கிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட சிறு வீடுகள் இன்னும் போதாது. ஆனால் தேடும்போது எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு ஒரு வாரம். நீங்கள் உயிரோடு, திடமாக இருக்கும்போதே இந்தப் பழக்கத்தைத் தொடங்குவதுதான் அவருக்கு நல்லது. 1,400 மீட்டர் உயரத்தின் குளிரில் பிறந்து வளர்ந்தவர் சமவெளியின் வெக்கையில் தூங்காமல் தவிப்பார், தோல் அரிக்கும், தண்ணீர் அதிகம் வேண்டும். அங்கே இருப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். குளிர்க் கம்பளியைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குவார் என்றால், எவ்வளவு வெக்கையானாலும் அந்தக் கம்பளி கூடப் போகட்டும்.

இறப்பை மறைக்காதீர்கள்

அப்பா இறந்தபோது "இவனுக்கு என்ன புரியும்?" என்று பக்கத்து வீட்டில் விட்டு, எல்லாம் முடிந்தபின் அழைத்து வருவது நம்மிடம் வழக்கம். அவருக்குப் புரிகிறது. அப்பா வரவில்லை என்பது மட்டும் புரிந்து, ஏன் என்பது புரியாமல், மாதக்கணக்கில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பாடு குறையும், கோபம் கூடும். அதை நோய் என்று எண்ணி மருந்து கொடுப்போம். "அப்பா செத்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று நேராக, மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். "தூங்குகிறார்" என்று சொன்னால் தூங்கவே பயப்படுவார். உடலைப் பார்க்கவும் வாய்க்கரிசி போடவும் விடலாம். அழுதால் அழட்டும். ஒரு படமும் அப்பாவின் துண்டும் அவரிடம் இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்குக் காசு செலவில்லை, இன்று மாலையே தொடங்கலாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எல்லாம் அதில் எழுதுங்கள், அல்லது பேத்தியை எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் மலாயிலும் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு தாயின் நோட்டு இப்படி இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்: "காலை ஆறு மணிக்கு எழுந்துகொள்வான். முதலில் தேத்தண்ணி, பால் கலந்து, ஆறவைத்து. சூடாகக் கொடுத்தால் தட்டிவிடுவான். வலது காதைப் பிடித்தால் காது வலி, வயிற்றைத் தட்டினால் வெளியே போக வேண்டும். 'பூ' என்றால் பூனை அல்ல, பூரணி அத்தை. இடியென்றால் பயம், கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், இழுக்காதீர்கள், தானே வருவான். மீன் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். நகம் வெட்ட வேண்டுமானால் பாட்டுப் போட்டுவிட்டு வெட்டுங்கள். இரவு விளக்கு அணைக்கக்கூடாது."

மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாத மருந்து, கடைசியாக வலிப்பு வந்த தேதி ஆகியவை முதல் பக்கத்தில் இருக்கட்டும். அட்டை, மைகார்டு, பிறப்புப் பத்திரத்தின் நகல்களைப் பின்னட்டையில் செருகி வையுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

பணமும் பத்திரமும்

சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளி தகுதிபெறும் அளவு கட்டியிருந்து 60 வயதுக்கு முன் இறந்தாலோ, இயலாமை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும்போது இறந்தாலோ குடும்பத்துக்குப் பிழைத்தோர் ஓய்வூதியம் உண்டு. பொதுவாக மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. மற்றப் பிள்ளைகளுக்கு 21 வயது போன்ற வரம்பு உண்டு. உடலாலோ அறிவாலோ குறைபாடுள்ள, தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. பலருக்கு இது தெரியாமல், "அவனுக்குத்தான் முப்பது வயசாச்சே" என்று கேட்காமலே விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு மரணம் நடந்திருந்தால் சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள்.

இ.பி.எப். பணத்துக்கு யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர் திருமணத்துக்கு முன் போட்ட நியமனம் திருமணத்தோடு ரத்தாகிவிடும். நியமித்த மனைவி இறந்திருந்தாலும் புதிதாகப் போட வேண்டும். பணத்தைக் கையாள முடியாத பிள்ளையின் பெயரில் நேராக எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அது யார் கையில் போகும் என்று யோசியுங்கள். உயில் எழுதி, அறங்காவலர் ஒருவரை வைத்து மாதாமாதம் செலவுக்குக் கொடுக்கும்படி செய்யலாம். அமானா ராயா நிறுவனம் இந்தச் சேவையைத் தருகிறது. உயிலில் சாட்சிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பங்கு செல்லாது. அன்பாக உதவ வந்த மருமகன் சாட்சி போட்டு மகளின் பங்கு போவது இப்படித்தான்.

18 வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி பெற்றோரும் பாதுகாவலர் அல்ல. வங்கியோ நிலமோ சம்பந்தப்பட்டால் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டி வரும். வருமானம் குறைந்தவர்கள் அரசின் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். இந்தியாவில் இதே கவலையோடு பெற்றோர் பல ஆண்டு கேட்டதன் பலனாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அங்கே மாவட்ட அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கிறது. நம் நாட்டில் அப்படி எளிய வழி இன்னும் வரவில்லை. ஆகவே அவசரம் வருமுன் ஆலோசனை கேட்பது நல்லது.

அவசரமானால்

பராமரிப்பவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்ந்து பிள்ளை தனியே இருந்தாலோ, யாராவது அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, தகாத முறையில் தொட்டாலோ 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழையுங்கள். பகல் இரவு எந்நேரமும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகவும் அழைக்கலாம். குளிக்கப் பயப்படும், குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டால் ஒளியும் பெண்பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் ஒரே இடத்தில் மருத்துவரும் சமூகநல அதிகாரியும் போலீசும் இப்படிப்பட்டவரைப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. வருவதற்கு முன் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ வேண்டாம். மலாய் வராவிட்டால் தமிழ் பேசும் தாதி வேண்டும் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.